காது கேட்காததை பல ஆண்டுகள் மறைத்த பீத்தோவன்: கூச்சத்தைத் தாண்டி வெளியே வந்தது எப்படி?

1827ஆம் ஆண்டு மார்ச் 26. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இசை மேதை லுட்விக் ஃபான் பீத்தோவன் காலமானார். அவருக்கு வயது 56. அவர் விட்டுச்சென்ற காகிதங்களைப் புரட்டிய நண்பர்கள் கையில் ஒரு பழைய கடிதம் சிக்கியது. 25 ஆண்டுகளுக்கு முன்பு தன் தம்பிகளுக்காக அவர் எழுதியது. ஆனால் கடைசி வரை அதை அனுப்பவே இல்லை.

தனக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது, அதை வெளியே சொல்ல முடியாததால்தான் மனிதர்களை விட்டு விலகி நிற்க வேண்டியதாயிற்று என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

பீத்தோவன் என்றதும் காது கேட்காமலேயே சிம்ஃபொனி எழுதிய மனிதர் என்ற சாதனைக் கதைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது உண்மைதான். ஆனால் அந்தச் சாதனைக்கு முன்னால் வேறு ஒரு கதை இருக்கிறது. காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஊரை ஏமாற்றி, நண்பர்களைத் தவிர்த்து, தனியாகத் தவித்த ஒரு இளைஞனின் கதை.

இன்றைக்கும் இந்தக் கதை பழசாகிவிடவில்லை. உலகில் 43 கோடிக்கும் அதிகமானோருக்கு, கேட்கும் திறன் குறைபாட்டுக்காக சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேட்கும் கருவி தேவைப்படுகிறவர்களில் 5-ல் ஒருவருக்கும் குறைவானவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். விலை, கிடைக்காமை என்று காரணங்கள் பல உண்டு. இன்னொரு காரணம், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். 2024ஆம் ஆண்டு உலக செவித்திறன் நாளுக்கு, மனநிலையை மாற்றுவது என்பதையே மையக் கருத்தாக அந்த நிறுவனம் வைத்ததும் இதனால்தான்.

இந்தக் கூச்சம் ஒரு மனிதனை என்ன செய்யும்? அதிலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார்? பீத்தோவனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

குடும்பத்தைச் சுமந்த பையன்

ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர் பீத்தோவன். 1770 டிசம்பர் 17 அன்று அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. தாத்தா அரண்மனை இசைக்குழுவின் தலைவர். அப்பா அதே அரண்மனையில் பாடகர். ஆனால் அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. 1787ல் அம்மா காசநோயில் இறந்துபோனார்.

இரண்டு தம்பிகளைக் காப்பாற்றும் பொறுப்பு மூத்தவர் தலையில் விழுந்தது. அப்பாவின் சம்பளத்தில் பாதியைத் தன் கையில் கொடுக்கும்படி 1789ல் அவரே விண்ணப்பித்து வாங்கினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. இசைதான் சோறு போட்டது.

1792 நவம்பரில் வியன்னாவுக்குப் போனார். அன்று ஐரோப்பாவின் இசைத் தலைநகர் அது. ஜோசப் ஹைடனிடம் பாடம் படித்தார். பிரபுக்களின் மாளிகைகளில் பியானோ வாசித்தே பெயர் வாங்கினார். எந்த மெட்டைக் கொடுத்தாலும் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே பேசியது. 1800 ஏப்ரல் 2 அன்று முதல் சிம்ஃபொனி அரங்கேறியது. லிக்னோவ்ஸ்கி என்ற பிரபு ஆண்டுக்கு 600 ஃப்ளோரின் உதவித்தொகை தர முன்வந்தார். வெளியீட்டாளர்கள் போட்டி போட்டார்கள்.

எல்லாம் கூடி வந்த அந்த நேரத்தில்தான் காது காலை வாரியது.

சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை

20களின் பிற்பகுதியிலேயே பிரச்னை தொடங்கிவிட்டது. ஆனால் அதைப் பற்றி அவர் மனம் திறந்தது 1801ல்தான். அந்த ஆண்டு ஜூன் 29 அன்று, ஊரில் இருந்த பால்ய நண்பரும் மருத்துவருமான வேகெலருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரண்டு நாள் கழித்து அமெண்டா என்ற இன்னொரு நண்பருக்கும் எழுதினார். விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதங்களில் அவர் சொன்ன அறிகுறிகளை இன்றைய காது மருத்துவர் படித்தால் உடனே தலையாட்டுவார். இரவும் பகலும் காதில் இரைச்சல். கொஞ்சம் தள்ளி இருந்தால் வாத்தியங்களின் உச்ச ஸ்வரங்கள் கேட்பதில்லை. நாடகம் பார்க்கப் போனால் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். யாராவது மெதுவாகப் பேசினால் சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் யாராவது கத்தினாலோ தாங்க முடியவில்லை.

இது ஏன் நடக்கிறது? உள்காதிலோ நரம்பிலோ ஏற்படும் குறைபாட்டில் பெரும்பாலும் உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ச, ஸ, ஃப போன்ற எழுத்துகளின் ஒலி அந்த உயர்ந்த பகுதியில் இருக்கிறது. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. அதனால் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. கூடவே, கேட்கக்கூடிய சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் சுருங்கிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் முதலில் சத்தமாகப் பேசச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே ஏன் கத்துகிறாய் என்று கோபிப்பார்கள் இல்லையா? அது வீம்பு இல்லை. பீத்தோவனுக்கு நடந்ததும் அதுதான்.

ஏன் மறைத்தார்?

வேறு தொழிலில் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம், இசைக்காரனுக்கு இது பயங்கரமான நிலை என்பது அவருடைய எண்ணம். வியன்னாவில் அவருக்குப் போட்டியாளர்கள் ஏராளம். விஷயம் தெரிந்தால் அவர்கள் என்ன பேசுவார்களோ என்ற பயம். பிழைப்பே போய்விடுமோ என்ற பயம். மற்றவர்களைவிடத் தன்னிடம் கூர்மையாக இருக்க வேண்டிய புலனே பழுதாகிவிட்டதே என்ற அவமானம்.

அதனால் அவர் செய்தது, ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூட்டங்களுக்கே போகாமல் ஒதுங்கியது.

தவிர்க்க முடியாமல் போன இடங்களில் வேறு ஒரு வசதி இருந்தது. பீத்தோவன் எப்போதும் ஏதோ யோசனையில் இருப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். யாராவது சொன்னது புரியாமல் விழித்தால், கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. காது கேட்காதவன் என்ற பெயரைவிட ஞாபகமறதிக்காரன், முசுடு, திமிர் பிடித்தவன் என்ற பெயரே அவருக்குப் பரவாயில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

இந்தக் குறைபாட்டோடு வாழும் பலர் இன்றும் செய்யும் பேரம் இது. கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட, சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்வது சுலபமாகத் தெரிகிறது. கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்வது சுலபமாகத் தெரிகிறது. போகப் போக, போகாமலே இருப்பது இன்னும் சுலபமாகிவிடுகிறது.

பஞ்சு, எண்ணெய், வெதுவெதுப்பான குளியல்

மறைத்தாரே தவிர, சிகிச்சைக்கு அவர் தயங்கவில்லை. ஒரு மருத்துவர் காதில் பாதாம் எண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் வெதுவெதுப்பான நீரில் குளிக்கச் சொன்னார். கைகளில் கொப்புளம் எழுப்பும் மரப்பட்டையைக் கட்டிவிட்டார். கொப்புளம் இருக்கும் வரை பியானோ வாசிக்கக்கூட முடியாது.

பின்னாளில் புகழ்பெற்ற பியானோ ஆசிரியரான கார்ல் செர்னி, 10 வயதுப் பையனாக பீத்தோவனைப் பார்க்கப் போயிருக்கிறார். மஞ்சள் நிற மருந்தில் நனைத்த பஞ்சு அவர் காதுகளில் இருந்ததைக் கவனித்ததாகவும், ஆனால் காது கேட்காதவர் போல அப்போது தெரியவே இல்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். எவ்வளவு கவனமாக மறைத்திருக்கிறார் என்பதற்கு இது ஒரு சான்று.

1802 கோடையில், மருத்துவர் யோஹான் ஆடம் ஷ்மிட்டின் ஆலோசனையின்படி, வியன்னாவுக்கு வெளியே இருந்த ஹைலிகென்ஸ்டாட் கிராமத்தில் போய்த் தங்கினார். நகரத்து இரைச்சலிலிருந்து காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் ஏற்கெனவே மனிதர்களிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தவருக்கு, அந்தத் தனிமை இன்னும் பாரமாகிப்போனது.

புல்லாங்குழலும் ஒரு நல்லெண்ணப் பொய்யும்

அந்த நாட்களில் ஃபெர்டினாண்ட் ரீஸ் என்ற மாணவர் அவரைப் பார்க்க வருவார். இருவரும் வயல்வெளியில் நடந்து போனபோது, தூரத்தில் ஒரு ஆடு மேய்ப்பவர் புல்லாங்குழல் வாசிக்கும் சத்தம் வந்தது. நன்றாக வாசிக்கிறாரே என்று ரீஸ் சுட்டிக்காட்டினார். பீத்தோவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் ஆகியும் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆசிரியரின் முகம் மாறுவதைப் பார்த்த ரீஸ், தனக்கும் இப்போது கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையில் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பொய் பலிக்கவில்லை. பீத்தோவன் பேச்சை நிறுத்திவிட்டு இருண்டுபோய் நடந்தார். ரீஸே இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

ரீஸ் செய்தது தப்பா? மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யால் நடந்தது என்ன? இதைப் பற்றிப் பேசக்கூடாது என்ற சுவர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பீத்தோவனிடம் குரலை உயர்த்திப் பேசவே அன்று பயப்பட வேண்டியிருந்ததாகவும் ரீஸ் எழுதியிருக்கிறார். சத்தமாகப் பேசினால் குறையைச் சுட்டிக்காட்டுவது போல ஆகிவிடும். மெதுவாகப் பேசினால் கேட்காது. சுற்றி இருந்தவர்களும் அந்தப் பொறியில் மாட்டிக்கொண்டார்கள்.

அனுப்பாத கடிதம்

1802 அக்டோபர் 6 அன்று, தம்பிகளுக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். 10ஆம் தேதி இன்னும் சில வரிகள் சேர்த்தார். ஹைலிகென்ஸ்டாட் சாசனம் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஆவணம் அது.

தன்னை முரடன், மனிதர்களை வெறுப்பவன் என்று நினைக்கிறவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியாது என்று அதில் வருந்துகிறார். சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது என்று ஒருவரிடம் சொல்லத் தன்னால் முடியவில்லை என்கிறார். அந்தப் புல்லாங்குழல் நிகழ்வையும் குறிப்பிடுகிறார். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் அளவுக்கு மனம் உடைந்ததாகவும், இன்னும் எழுத வேண்டிய இசை தன்னைத் தடுத்ததாகவும் பதிவு செய்கிறார்.

கூடவே ஒரு வேண்டுகோள். தான் இறந்த பிறகு, மருத்துவர் ஷ்மிட் உயிரோடு இருந்தால், தன் நோயைப் பற்றி அவர் எழுதி, அதை இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டும் என்கிறார். செத்த பிறகாவது உலகம் தன்னைப் புரிந்துகொள்ளட்டும் என்ற ஏக்கம் அது. சுருக்கமாகச் சொன்னால், உயிரோடு இருக்கும்போது ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தை, சாவுக்குப் பிறகு சொல்லலாம் என்று அவர் ஒத்திவைத்தார். ஷ்மிட் 1809லேயே இறந்துவிட்டார்.

இதற்கிடையில் உறவுகள் தேய்ந்தன. கேட்கும் திறன் குறைந்தது பீத்தோவனை எவ்வளவு மாற்றிவிட்டது, நெருங்கிய நண்பர்களையே எப்படிச் சந்தேகப்பட வைத்துவிட்டது என்று ஸ்டீஃபன் ஃபான் பிராய்னிங் என்ற நண்பர் 1804ல் வேகெலருக்கு வருத்தத்தோடு எழுதினார்.

1806: காகித ஓரத்தில் எடுத்த முடிவு

திருப்பம் வந்தது 1806ல். ரசுமோவ்ஸ்கி என்ற ரஷ்யத் தூதருக்காகச் சில நரம்பிசைப் படைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். அந்த இசைக் குறிப்புகளுக்கு நடுவே, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல ஒரு வரி எழுதினார். காது கேளாமை இனி ரகசியமாக இருக்க வேண்டாம், இசையில்கூட அதை மறைக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

கவனிக்க வேண்டிய விஷயம், அவருடைய காது அப்போது சரியாகிவிடவில்லை. இன்னும் மோசமாகிக்கொண்டுதான் இருந்தது. மாறியது மனசு. கேட்கவில்லை என்று முதல் கடிதத்தில் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்த முடிவுக்கு வர அவருக்கு 5 ஆண்டுகள் ஆயிற்று.

பயந்தது நடந்ததா?

ஊருக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்பதுதானே அவர் பயம்? என்ன நடந்தது என்று பாருங்கள்.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் ஒரே நிகழ்ச்சியில் 5ஆம் சிம்ஃபொனியும் 6ஆம் சிம்ஃபொனியும் அரங்கேறின. 1809ல் அவர் வேறு ஊருக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் தர ஒப்பந்தம் போட்டார்கள். 1814ல் ஐரோப்பிய மன்னர்கள் வியன்னா மாநாட்டுக்குக் கூடியபோது, அவர்கள் முன்னால் அவருடைய இசை ஒலித்தது. அவர் புகழின் உச்சியில் இருந்த அந்த நேரத்தில், அவருக்குக் காது கேட்காது என்பது இசை வட்டாரத்தில் யாருக்கும் ரகசியம் இல்லை.

இழப்பு இல்லாமல் இல்லை. 1814ல் அவருடைய ஒத்திகை ஒன்றைக் கேட்ட வயலின் கலைஞர் லூயி ஸ்போர் வருத்தப்பட்டார். சத்தமான இடங்களில் தந்தி அதிரும்படி பியானோவை அடித்தார், மெதுவான இடங்களில் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை என்று எழுதினார். அதற்குப் பிறகு பியானோ கலைஞராக அவர் மேடை ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. ஒரு கதவு உண்மையிலேயே மூடியது. ஆனால் உலகம் அவரைக் கைவிடவில்லை.

காதில் வைத்த உலோகக் குழல்

யோஹான் நேபோமுக் மெல்ட்செல் என்பவர் ஒரு கருவி நிபுணர். தாளத்தைக் கணக்கிடும் மெட்ரோனோம் கருவியைப் பிரபலமாக்கியவர் இவர்தான். பீத்தோவனுக்காக இவர் பல அளவுகளில் காதுக் குழல்களைச் செய்து கொடுத்தார். இன்றும் பான் நகரில், பீத்தோவன் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

காதுக் குழல் என்பது புனல் மாதிரி. அகன்ற வாய் சத்தத்தைச் சேர்த்து, குறுகிய முனை வழியாகக் காதுக்குள் அனுப்பும். பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. மின்சாரத்தில் இயங்கும் கேட்கும் கருவிகள் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதனால் இந்தக் குழல்கள் ஓரளவுக்கே உதவின. அதோடு, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதைக் காதில் வைத்துவிட்டு எதையும் மறைக்க முடியாது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பீத்தோவன் உதவி கேட்கத் தொடங்கினார். 1817ல், பியானோ தயாரிப்பாளரான நானெட் ஸ்ட்ரைக்கர் என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், தன் காது பலவீனமாக இருப்பதால் ஒரு பியானோவை முடிந்த அளவு சத்தமாக ஒலிக்கும்படி சரிசெய்து தர முடியுமா என்று அவர் கணவரிடம் கேட்கச் சொன்னார். 1801ல் ரகசியம் காக்கச் சொன்ன அதே மனிதர், 16 ஆண்டுகள் கழித்து, என் காது இப்படி, எனக்கு இது வேண்டும் என்று நேரடியாகக் கேட்கிறார்.

நோட்டுப் புத்தகத்தில் நடந்த உரையாடல்

1818 முதல் குழலும் போதவில்லை. அப்போது வந்ததுதான் உரையாடல் நோட்டுகள். எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதுவார். பீத்தோவன் படித்துவிட்டுப் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்வார். அதனால் இந்த நோட்டுகளில் அநேகமாக ஒருபக்கப் பேச்சுதான் இருக்கிறது. 130க்கும் மேற்பட்ட நோட்டுகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

வீட்டு வாடகை, சாப்பாடு, வேலைக்காரர் சண்டை, அரசியல், இசை என்று எல்லாம் அதில் இருக்கிறது. உணவகத்தில் நாலு பேர் பார்க்க நோட்டை விரித்து வைத்துப் பேசினார். கூட்டத்துக்கே போகாமல் ஒளிந்தவர், மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்தார். காரணம் அற்புத மருந்து எதுவும் இல்லை. ஒரு பென்சிலும், எழுத மனசு இருந்த நண்பர்களும்தான்.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. கோபமும் சந்தேகமும் கடைசி வரை அவரோடு இருந்தன. ஆனால் பேச ஒரு வழி இருந்தது. கடைசி மாதங்களில், நண்பர் பிராய்னிங்கின் மகன் கெர்ஹார்ட், 13 வயதுப் பையன், அடிக்கடி வந்து நோயாளியின் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பேசிக்கொண்டிருப்பான்.

அவர் சொன்ன அறிவுரை சரியா?

இந்த நோட்டுகளில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு பக்கம் உண்டு. 1823ல், காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த ஒருவர் பீத்தோவனிடம் யோசனை கேட்டார். குளியலும் கிராமத்துக் காற்றும் நல்லது என்று பதில் எழுதினார் பீத்தோவன். கூடவே, கருவிகளைச் சீக்கிரம் பயன்படுத்த ஆரம்பித்துவிடாதே, நான் அவற்றைத் தவிர்த்ததால்தான் இடது காது கொஞ்சமாவது தப்பித்தது என்ற கருத்தையும் சொன்னார்.

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? காது மிஷின் போட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. முறையாகப் பரிசோதித்து, அவரவர் காதுக்கு ஏற்றபடி அமைத்த கருவி காதைக் கெடுக்காது. தள்ளிப்போடுவதில்தான் பிரச்னை. நீண்ட காலம் ஒலி குறைந்த உலகத்துக்குப் பழகிய மூளைக்கு, மறுபடி பேச்சைப் பிரித்துக் கேட்கப் பழக அதிக உழைப்பு தேவைப்படும். கேட்கும் திறன் குறைவைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கையும் சொல்கிறது.

பீத்தோவனைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது தகரப் புனல். நம் கையில் இருப்பது, எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை மட்டும் பார்த்துக் கூட்டிக் கொடுக்கும் டிஜிட்டல் கருவி.

இரண்டு மேடைகள், இரண்டு பாடங்கள்

1822ல் பீத்தோவனின் ஒரே ஓபராவான ஃபிடெலியோ மறுபடி மேடையேறியது. ஒத்திகையை அவரே நடத்த விரும்பினார். அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் பின்னாளில் எழுதியபடி, பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள், மறுபடி குழப்பம். காரணம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் ஷிண்ட்லர் நோட்டில், தயவுசெய்து தொடர வேண்டாம், வீட்டில் விளக்குகிறேன் என்ற பொருளில் எழுதிக் காட்டினார். பீத்தோவன் அரங்கை விட்டு விறுவிறுவென்று வெளியேறி, வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

1824 மே 7. அதே வியன்னா, 9ஆம் சிம்ஃபொனியின் அரங்கேற்றம். இந்த முறை ஏற்பாடு வேறு. உண்மையான நடத்துநர் மிக்கேல் உம்லாஃப். பீத்தோவன் அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பகுதியின் வேகத்தையும் காட்டுவார். குழுவினர் உம்லாஃபைப் பார்த்து வாசிப்பார்கள். மேடையில் பீத்தோவனுக்கு இடம் இருந்தது, மரியாதை இருந்தது, இசையும் தடம் புரளவில்லை.

கைதட்டல் எழுந்தபோது அவர் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். எதுவும் கேட்கவில்லை. பாடகி காரோலின் உங்கர், அப்போது அவருக்கு 20 வயது, பீத்தோவனை மெல்லத் தொட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். கைக்குட்டைகளும் தொப்பிகளும் காற்றில் ஆடுவதை அவர் கண்ணால் பார்த்தார்.

முதல் சம்பவத்தில் உண்மையை எல்லோர் முன்னாலும், கடைசி நிமிடத்தில் சொன்னார்கள். இரண்டாவதில் முன்கூட்டியே திட்டமிட்டார்கள். காதின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். கூட இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம்தான் வேறு.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

பீத்தோவனுக்குக் காது ஏன் போனது என்பது இன்னும் முடிவாகவில்லை. பிரேதப் பரிசோதனையில் கேட்கும் நரம்புகள் மெலிந்திருந்தது தெரிந்தது. அவருடைய தலைமுடியிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்த 2023 ஆய்விலும் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் கூச்சம் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த ஆண்டுகளைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை.

* கேட்டதாக நடிக்க விடாதீர்கள், நீங்களும் நடிக்காதீர்கள். ரீஸ் சொன்ன பொய் போல, பரவாயில்லை, ஒன்றும் இல்லை விடுங்கள் என்று நாம் சொல்வதும் அவர்களைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிடும்.

* நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். தனியாக, நிதானமாகப் பேசுங்கள். காது போய்விட்டது என்று தொடங்காமல், பேரன் பேசுவது புரிகிறதா, போனில் கஷ்டமாக இருக்கிறதா என்று தொடங்குங்கள்.

* கத்தாதீர்கள். பக்கத்தில் வந்து, முகம் தெரிய நின்று, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசினாலே பாதி பிரச்னை குறையும்.

* பரிசோதனைக்குக் கூடவே போங்கள். எந்த இடத்தில் கேட்கச் சிரமமாக இருக்கிறது என்பதை ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணரிடம் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள்.

* முதல் சில வாரங்கள் பொறுமை வேண்டும். ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், சொந்தக் குரல் எல்லாமே முதலில் விநோதமாகக் கேட்கும். அமைதியான அறையில் தினம் சில மணி நேரம் என்று தொடங்கி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம். சரியில்லை என்று தோன்றினால் அலமாரியில் பூட்டி வைக்காமல் நிபுணரிடம் திரும்பப் போய் மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

* கட்டாயப்படுத்தாதீர்கள். முடிவு அவர்களுடையது. பீத்தோவனுக்கும் அந்த முடிவை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கண் மங்கினால் கண்ணாடி போட நாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. காதுக்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? பீத்தோவன் போன்ற ஒரு மேதைக்கே அந்தத் தயக்கத்தை உடைக்க 5 ஆண்டுகள் ஆனது. அவ்வளவு காலம் நம் வீட்டில் யாரும் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை.